எத்தனை இட்லி?

அம்மாவின் பழைய ஜாக்கெட் ஒன்றை என் பீரோவில் வைத்திருக்கிறேன். அரக்கு நிறம், கழுத்தோரம் லேசாக வெளுத்துப்போனது. உள்பக்கம் திருப்பினால் இரண்டு பக்கமும் நாலு வரிசைத் தையல் தெரியும். ஓரத்தில் இருப்பது டெய்லர் போட்டது. மற்ற மூன்றும் அம்மா தன் கையாலேயே போட்டவை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு விரற்கடை உள்ளே தள்ளி. ஜாக்கெட்டைப் பிரிப்பதுதான் பெண்களுக்குப் பழக்கம். வயது ஏற ஏற ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டே போவோம். அம்மா பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஆறேழு மாதத்தில் மூன்று தடவை. தோள் சரிந்து விழுகிறதே என்று ஊசி நூலை எடுத்தவளுக்கு, ஏன் விழுகிறது என்று யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. எங்களுக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்கு வந்தது வயிற்றுப் புற்றுநோய். இப்போது நன்றாக இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “முன்னாடியே ஒண்ணும் தெரியலையா?” இரண்டு வருடமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். “ஒண்ணுமே தெரியல, திடீர்னுதான்.” சொல்லும்போதெல்லாம் தொண்டையில் ஏதோ இடறும். போன மாதம் இந்த ஜாக்கெட் கையில் கிடைத்த பிறகு அந்தப் பதிலைச் சொல்ல முடியவில்லை. எல்லாமே தெரிந்தது. தெரிந்த ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் தயாராக ஒரு பெயர் இருந்தது.

கேஸ்

முதல் பெயர் கேஸ். எங்கள் ஊர்ப்பக்கம், கோவில்பட்டியைச் சுற்றி, இந்த ஒரு சொல்லுக்குள் அடங்காத நோவே கிடையாது. நெஞ்சு எரிந்தால் கேஸ், ஏப்பம் வந்தால் கேஸ், முதுகில் பிடித்தால் கேஸ், ராத்திரி தூக்கம் வராவிட்டாலும் கேஸ். ஆடி மாதத்தில் அம்மா போனில் சொன்னாள், “வயிறு திம்முனு இருக்குட்டி, சாப்பிடவே பிடிக்கல.” நான் சென்னையிலிருந்து, ஆபீஸ் பஸ்ஸில் நின்றுகொண்டு, “கேஸா இருக்கும்மா, சுக்குக் கசாயம் போட்டுக் குடி” என்றேன். அண்ணன் மெடிக்கலில் போய்ச் சொன்னான். காலையில் வெறும் வயிற்றில் போட பான்டோபிரசோல், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு ரோஸ் நிற டானிக். பத்து நாளில் எரிச்சல் நின்றுவிட்டது. “மாத்திர கேக்குது” என்று அம்மாவுக்கே சந்தோஷம். தீர்ந்ததும் அட்டையைக் காட்டி அடுத்த அட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் ஊருக்குப் போனபோது என் கையாலேயே இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த மாத்திரை கெட்டதல்ல. வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைப்பது அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்தது. நெஞ்செரிச்சலோடு டாக்டரைப் பார்க்கப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் அமிலம் குறைந்தால், புற்றுநோயால் உண்டான புண்ணும்கூடக் கொஞ்ச நாளைக்கு மேலே ஆறினாற்போல மூடிக்கொள்ளும், எரிச்சல் அடங்கும். அடியில் அது பாட்டுக்கு வளரும். நடுவயதைத் தாண்டிய ஒருவருக்கு, இதுவரை இல்லாத வயிற்றுக் கோளாறு புதிதாக வந்து, கூடவே உடம்பும் இளைத்தால், மாத்திரையை நீட்டிக்கொண்டு போகாமல் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும். பிறகு எங்களுக்கு டாக்டர் சொன்னது இதுதான். அந்த நேரத்தில் எங்களிடம் இருந்த ஒரே அளவுகோல், எரிகிறதா இல்லையா என்பது மட்டும்.

ரத்தம் கம்மி

இரண்டாவது பெயர் இது. புரட்டாசி வாக்கில் மொட்டை மாடிக்கு ஏறும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுவாளாம். பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.8. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் சேர்க்கச் சொன்னார்கள். ரிப்போர்ட்டை அண்ணன் வாட்ஸப்பில் அனுப்பினான். பார்த்தேன், ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஏன் யாருக்கும் திடுக்கிடவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பெண்ணுக்கு ரத்தம் கம்மி என்பது நம் ஊரில் சேதியே இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. மாதவிலக்கு, பிரசவம், கடைசியாக மிஞ்சியதைச் சாப்பிடுவது என்று காரணங்கள் கண்முன்னால் கிடக்கின்றன. ஆனால் அம்மாவுக்கு அப்போது 59 வயது. தீட்டு நின்று பத்து வருடம் ஆகிவிட்டது. மாதாமாதம் போகிற ரத்தம் இல்லையென்றால், இந்த ரத்தம் எங்கே போகிறது? இரும்புச்சத்து மாத்திரையை எழுதுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கிளினிக்கில் கேட்கவில்லை. படித்த மகள் நானும் கேட்கவில்லை.

அந்த மாத்திரையே ஒரு திரையாகவும் ஆகிவிட்டது. வயிற்றின் உள்ளே கசிகிற ரத்தம் அமிலத்தில் கறுத்து மலத்தோடு வரும். இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். அம்மா அதைக் கவனித்திருக்கிறாள். மதினியிடம் சொல்லியும் இருக்கிறாள். மாத்திரை போட்டால் அப்படித்தான் போகும் என்று கிளினிக்கிலேயே சொல்லியிருந்ததால் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மாத்திரையால் வரும் கறுப்பில் ஒரு கரும்பச்சை இருக்கும், மலம் எப்போதும்போல் போகும். ரத்தம் கலந்தது ரோடு போடுகிற தார் மாதிரி பிசுபிசுவென்று ஒட்டும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது, நாற்றமும் வேறு தினுசாக இருக்கும். பிறகு துருவிக் கேட்டபோது, மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று தடவை அப்படிப் போனதாக அம்மா சொன்னாள். “இதையெல்லாம் போய் போன்ல சொல்லவா?” என்றாள். பிள்ளைகளின் கக்கூஸ் விவகாரம் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அவளுடையதைக் கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

டாக்டரம்மா கேட்டது

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சர்க்கரைப் பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மா எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வெளியே கிடந்ததில் காலையில் தின்ற பொங்கல் மட்டும் இல்லை, முந்தின நாள் ராத்திரிச் சோற்றுப்பருக்கையும் அப்படியே கிடந்தது. மாட்டுப்பொங்கல் கழிந்த மறுநாள் திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளிறிக் கிடந்தது. கழுத்தடியில் இடது காறையெலும்புக்கு மேலே குழியில் விரலை வைத்து அமுக்கித் தடவினார். வயிற்றுப் புற்றுநோய் பரவினால் அந்த இடத்தில் நெறிகட்டும் என்பதை நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு நெறி இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

“காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?”

“இட்லிம்மா.”

“எத்தனை?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மதினியைப் பார்த்தான். மதினி சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

அந்தச் சில நொடிகள்தான் இத்தனை நாளாக என்னை விடாமல் துரத்துகின்றன. எங்கள் வீட்டில் யார் எத்தனை இட்லி சாப்பிடுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அண்ணனுக்கு ஆறு, சாம்பார் நன்றாக இருந்தால் ஏழு. மதினிக்கு நாலு. அண்ணன் பையனுக்கு மிளகாய்ப்பொடி இருந்தால் மூன்று, இல்லாவிட்டால் ஒன்று. உயிரோடு இருந்தவரை அப்பாவுக்கு ஐந்து, ஆறாவதைப் பாதியாகப் பிய்த்து மீதியை எனக்குப் போடுவார். இவ்வளவும் எனக்குத் தெரிவதற்குக் காரணம் அம்மாதான். அவள்தான் எல்லாருக்கும் எண்ணி எண்ணி ஈடு எடுத்தவள். அவளுடைய எண்ணிக்கை மட்டும் யாரிடமும் இல்லை. எல்லாரும் கை கழுவின பிறகு, அடுப்படியில், கடைசி ஈட்டில் மிஞ்சியதைத் தட்டில்கூட வைக்காமல் கையில் வாங்கிச் சட்னிச் சட்டியில் தொட்டுத் தின்பாள். அது ஒன்றா நாலா, யார் கண்டது? போதாததற்கு வெள்ளிக்கிழமை, சஷ்டி, கார்த்திகை, பிரதோஷம் என்று விரதம் வேறு. சாப்பிடாமல் இருக்க அவளுக்கு எப்போதும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நாங்கள் பக்தி என்றோம்.

ரொம்ப நேரம் கழித்து அம்மாவே சொன்னாள். “ஒண்ணு வைப்பேன். முழுசா இறங்காது.”

“போன வருஷம் பொங்கலுக்கு?”

“நாலு திம்பேன்.”

டாக்டரம்மா சீட்டில் 4 என்று எழுதி, ஒரு அம்புக்குறி போட்டு, 1 என்று எழுதி, அடியில் கோடிட்டார். எழுதிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். வயிறு ஒரு பை, சாப்பாடு வர வர விரிந்து கொடுக்கும். அதன் சுவர் விறைத்துப்போனாலோ, குடலுக்கு இறங்கும் வாசல் அடைபட்டாலோ, இரண்டு வாயிலேயே நிறைந்துவிடும். பசி எடுக்கும், தட்டில் கை வைத்ததும் போதும் என்று ஆகும். ரத்தப் பரிசோதனை எதிலும் இது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் யாரும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் காலை என்டோஸ்கோபி. தொண்டையில் மரத்துப்போக மருந்தடித்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆறு மாதமாக நாங்கள் தள்ளிவந்தது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்கள். ஈரம் மினுங்கும் ரோஸ் நிறச் சுவர். வயிறு குடலோடு சேரும் கீழ்ப்பக்கத்தில், அம்மைத் தழும்பைப் பெரிதாக்கியதுபோல் ஒரு பள்ளம், அதைச் சுற்றி மேடிட்ட விளிம்பு. கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகள் பரிசோதனைக்குப் போய், எட்டாவது நாள் ரிப்போர்ட் வந்தது.

யார் மேல் பழி போடுவது

சொந்தக்காரர்கள் வந்தார்கள், காரணத்தையும் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். “காரம் ஜாஸ்தி திம்பா.” “நேரத்துக்குச் சாப்பிடமாட்டா.” “பழைய சோறு குடிச்சுக் குடிச்சே இப்படி ஆயிருச்சு.” அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. படுத்துக் கிடப்பவளின் நாக்கின் மேல் பழியைப் போடுவதில் எல்லாருக்கும் ஒரு ஆறுதல், தங்களுக்கு வராது என்கிற ஆறுதல். பழைய சோற்றால் புற்றுநோய் வருவதில்லை. மிளகாயின் மேல் சந்தேகம் உண்டே தவிர உறுதியாக நிரூபணமானது எதுவும் இல்லை.

நிரூபணமான பெரிய காரணம் ஒரு பாக்டீரியா. ஹெலிகோபேக்டர் பைலோரி என்று பெயர், சுருட்டை வடிவம். வயிற்று அமிலத்தில் எந்த உயிரும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பிடித்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகளை எடுக்காமல் விட்டுவிட்டார்கள், திரும்பி வந்து பார்த்தால் அதில் வளர்ந்திருந்தது. யாரும் நம்பாததால் 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்றில் அழற்சி. அவர் வாய் நாறுகிறது என்று முதலில் சொன்னது அவருடைய அம்மாவாம். இதைப் படித்தபோது மனம் நின்றுவிட்டது. அங்கே பிள்ளையின் வாய் நாற்றத்தை அம்மா கவனித்திருக்கிறார். 1994ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி உலகத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் குடியிருப்பதாகக் கணக்கு. அதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் புற்றுநோய்வரை போகிறது. பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே, எச்சில் வழியாகவும் சுத்தமில்லாத தண்ணீர் வழியாகவும் தொற்றிவிடும். பிறகு அவசரமே இல்லாமல் வேலை செய்யும். முதலில் உள்சுவரில் அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்ந்துபோதல், பிறகு வயிற்றின் சுவர் குடலின் சுவரைப்போல மாறுதல், கடைசியில் புற்று. இதற்கெல்லாம் இருபது முப்பது வருடம்கூட ஆகலாம். அப்படியென்றால் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அம்மாவின் வயிற்றில் இது ஆரம்பித்திருக்கலாம். அவளுடைய திசுப் பரிசோதனையிலும் கிருமி இருந்தது.

சாப்பாட்டில் உண்மையிலேயே குற்றவாளி ஒன்று உண்டென்றால் அது உப்பு, அதிலும் உப்பில் ஊறி மாதக்கணக்கில் கிடக்கும் பண்டங்கள். கருவாடு, உப்புக்கண்டம், ஊறுகாய், மோர்மிளகாய். அளவுக்கு மிஞ்சிய உப்பு வயிற்றின் உள்தோலை அரிக்கும், அந்தப் புண்ணில் கிருமிக்கு வேலை சுலபம். அமெரிக்காவில் 1930களில் புற்றுநோய்ச் சாவுகளில் முன்னால் நின்றது வயிறுதான். ஃப்ரிட்ஜ் வந்து, உப்புக்கண்டம் போய், பச்சைக் காய்கறியும் பழமும் வருடம் முழுக்கக் கிடைக்க ஆரம்பித்த பிறகு, யாரும் தனியாக முயற்சி எடுக்காமலே அது கீழே இறங்கியது. நம் நாட்டில் மிசோரமில்தான் இந்த நோய் மிக அதிகம். அங்கே புகையில் வாட்டிய இறைச்சியும், புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு. சென்னையில் 1980களிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பராமரிக்கும் பதிவேட்டிலும், ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வயிறு முன்வரிசையில் இருந்துவந்திருக்கிறது. பீடி சிகரெட்டுக்கும் இதில் பங்குண்டு. பொதுவாகவே பெண்களைவிட ஆண்களுக்கு இது இரண்டு மடங்கு வருகிறது. அம்மா விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் எழாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தென்கொரியாவில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அரசாங்கமே வயிற்றைப் பார்த்துவிடுகிறது. அதனால் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பிழைக்க வைக்கிறார்கள். அத்தனை பேருக்கும் என்டோஸ்கோபி நம் ஊரில் நடக்காது, கொரியா அளவுக்கு இங்கே நோயும் இல்லை. ஆனால் தீட்டு நின்ற பெண்ணுக்கு ஏன் ரத்தம் குறைகிறது என்று கேட்க எந்த இயந்திரமும் தேவையில்லை.

அதற்குப் பிறகு

ஆபரேஷனுக்கு முன்னால் நாலு கீமோ, பின்னால் நாலு. அந்த மருந்துகளில் ஒன்று, குளிர்ச்சி பட்டால் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் வலிக்க வைக்கும். சித்திரை வெயிலில் அம்மா வெந்நீர் குடித்துக்கொண்டு, ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் பேரனைக் கூப்பிட்டாள். வயிற்றின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு மீதியைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். இந்த மாதிரி ஆபரேஷனை முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்தவர் வியன்னாவில் தியோடர் பில்ரோத், 1881ல். அந்த நோயாளியும் ஒரு பெண்தான். நாலு மாதம்தான் உயிரோடு இருந்தாராம். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே தடவையில் நிறையச் சாப்பிட முடியாது, நாளைக்கு ஆறு வேளையாகப் பிரித்துத்தான். இனிப்பு கொஞ்சம் கூடினால் வேர்த்து, நெஞ்சு படபடத்து, படுத்துவிடுவாள். மாதம் ஒரு பி12 ஊசி. விரதம் எல்லாம் நின்றது. அதில்தான் அவளுக்கு வருத்தம்.

ஒரு வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அதனால் நான் அந்தக் கிருமிக்கான மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டேன். அமிலம் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். எனக்கு இருந்தது. 14 நாள் மருந்து, வாயெல்லாம் இரும்பைச் சப்பியதுபோல் கசப்பு. முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்தபோது போயிருந்தது. மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்தல்ல இது. நம் ஊரில் பல ஆன்டிபயாடிக்குக்கு இந்தக் கிருமி அடங்குவதில்லை, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அண்ணன்தான் பிடிகொடுக்காமல் இருந்தான். “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்பான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் முதல் ஈடு அம்மாவுக்கு, கூடத்தில், நாற்காலி போட்டு. அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது, விருந்தாளி மாதிரி உட்கார வைக்கிறீர்களே என்பாள். ஒன்றரை இட்லியைப் பிட்டுப் பிட்டு மென்றுகொண்டே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“ஏலே, இரி. நாலுதான தின்ன?”

“போதும்மா, வயிறு ஒரு மாதிரி இருக்கு. கேஸு.”

அம்மா மெல்வதை நிறுத்தினாள். என்னைப் பார்த்து, “டெஸ்டு எடுக்குற எடம் எத்தன மணிக்குத் தொறப்பான்?” என்றாள்.